பனிநாட்டில் பழைய கார் வாங்குதல்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டனுக்குப் பனியின் பெயரையே இட்டனர். எனவே முன்பனியும் பின்பனியும் நமக்குப் புதியன அல்ல. எனினும் நாம் பனி என்று வழங்குவது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், மார்கழி விடியலில் தெருமுனையை மறைக்கும் மூடுபனியையுமே ஆகும். ஏரிநீர் கல்லாக உறைய, சாலையோரத்தில் வெண்பனி இடுப்பளவு குவிந்து கிடக்க, ஆண்டில் நான்கைந்து மாதங்கள் அந்நிலையிலேயே வாழ்வு நடக்கும் நிலத்திற்கு நம் ஐந்திணைப் பகுப்பில் இடமில்லை. அத்தகைய நிலத்தில்தான் இன்று தமிழர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்தோர் முன்னே செல்ல, தமிழ்நாட்டிலிருந்து கல்விக்கும் பணிக்குமாகச் சென்றோர் பின்னே சேர்ந்தனர். நம் கல்லூரியில் பயின்றோரும் அவர்களுள் உளர்.

அங்குச் சென்று சேர்ந்த ஓர் இளைஞன் முதல் ஓரிரு ஆண்டுகளில் வாங்கும் பெரும்பொருள் பெரும்பாலும் ஒரு பழைய கார்தான். (மகிழுந்து, சீருந்து என நல்ல தமிழ்ப் பெயர்கள் இருப்பினும் மக்கள் நாவில் நிலைத்தது கார் என்பதே. பெரும்பொழுதாகிய காரோடு அதனை மயங்கிக்கொள்வார் எவருமிலர் ஆதலின், இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது.) என் தமக்கையின் குடும்பம் டொராண்டோ மாநகரின் கீழ்ப்பகுதியாகிய ஸ்கார்பரோவில் வாழ்வதால், இரண்டு குளிர்காலங்களை அங்கு நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கார் அங்கு ஆடம்பரம் அன்று. விடியல் ஐந்து மணிக்குத் தொடங்கும் பணிமுறைக்கு, சுழியத்திற்குக் கீழ் 15 பாகைக் குளிரில், பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றவர்க்கே அதன் தேவை விளங்கும். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த டாலர்களே அதன் விலை. அப்பணம் ஒரு குளிர்காலத்திற்குள் துருவாகி உதிர்ந்துவிடுவதும் உண்டு. நெடுஞ்சாலையில் பிரேக் அற்றுப்போய் உயிருக்கே ஏதம் வருவதும் உண்டு. ஆதலின், அந்நாட்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு சிறிய பழைய காரை வாங்குவோர் எவற்றை நோக்கவேண்டும், ஏன் நோக்கவேண்டும் என்பதைச் சற்று விரிவாக விளக்க முற்படுகிறேன்.

நம் ஊரில் பழைய வண்டியின் தரத்தை இரண்டு அளவைகளால் மதிப்பிடுவர். எந்த ஆண்டில் செய்தது என்பது ஒன்று. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது மற்றொன்று. கனடாவில் இவ்விரண்டனுக்கும் முன்னே நிற்பது மூன்றாவதோர் அளவை. அந்த வண்டி எத்தனை குளிர்காலம் உப்பில் நனைந்தது என்பதே அது.

உப்பின் வேலை

தூயநீர் சுழியப் பாகையில் உறையும். நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புக் கலந்த நீரோ சுழியத்திற்குக் கீழ் 6 பாகை அளவில்தான் உறையும். இருபது பங்கு கலந்தால் 16 பாகையையும் தாண்டும். இவ்வியல்பைப் பயன்கொண்டே சாலையில் உப்பைத் தூவி உறைபனியை உருக்குகின்றனர். ஆனால் குளிர் மிக மிக உப்பு உருகிக் கலக்கும் வேகம் குறைகிறது. சுழியத்திற்குக் கீழ் 10 பாகையை நெருங்கினால் சாதாரண உப்பால் பெரும்பயன் இல்லை. அப்போது கால்சியம் குளோரைடு போன்றவற்றைக் கலப்பர். அல்லது மணலைத் தூவுவர்.

இதனால் விளையும் முடிவு வியப்புக்குரியது. மிகக் குளிர்ந்த ஊரின் கார்தான் மிகுதியாகத் துருப்பிடிக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஜனவரியில் சராசரிக் குளிரே சுழியத்திற்குக் கீழ் 16 பாகையாக உள்ள வின்னிபெக் நகரில் உப்பினும் மணலுக்கே வேலை மிகுதி. டொராண்டோவிலோ குளிர் சுழியத்தின் இருபுறமும் ஊசலாடுகிறது. இன்று உறைவது நாளை உருகும்; நாளை மறுநாள் மீண்டும் உறையும். ஒவ்வொரு முறையும் உப்பு வண்டி வலம்வரும். ஆதலின் ஒண்டாரியோ, கியூபெக் மாநிலங்களில் ஓடிய காரைவிட, அதே வயதுடைய ஆல்பர்ட்டா அல்லது சஸ்காச்சுவன் மாநிலக் காரின் அடிப்பகுதி தூய்மையாக இருத்தல் கண்கூடு. அட்லாண்டிக் கரையோர மாநிலங்களில் சாலை உப்போடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. பழைய கார் ஒன்றைப் பார்க்கச் செல்வோர், 'எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்கும் முன்னர், 'எந்த ஊரில் ஓடியது?' என்று கேட்பது அறிவுடைமை.

துரு என்பது இரும்பும் உயிர்வளியும் நீரும் கூடி நிகழ்த்தும் வேதிவினை. உப்புநீர் மின்னைக் கடத்துமாதலால் அவ்வினையை விரைவுபடுத்துகிறது. குளிர் மிகும்போது வினை மெதுவாகும். வெம்மை கூடினால் விரையும். எனவே இரவில் காரை வெப்பமூட்டிய கூடத்தில் பத்திரமாக நிறுத்திவைப்பவர், அறியாமலே அதற்குத் தீங்கு செய்கிறார். வெளியே உறைந்து கிடந்திருக்க வேண்டிய உப்புப்பனி, உள்ளே உருகி, மடிப்புகளில் புகுந்து, இரவு முழுதும் வேலை செய்கிறது. 'எப்போதும் கராஜில்தான் நிறுத்தினோம்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அது முழுதும் நற்சான்று என்று கொள்ளற்க.

துரு வெறும் அழகுக் குறை அன்று என்பதையும் ஈண்டு விளக்கவேண்டும். லாரிகளுக்குக் கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. இக்காலச் சிறுகார்களுக்கு அது இல்லை. மடித்துப் பற்றவைத்த தகட்டுக் கூடே சட்டமுமாகிறது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை பெட்டி வடிவில் ஓடும் விளிம்பு ஒன்றுண்டு. மெக்கானிக்குகள் அதனை ராக்கர் பேனல் என்பர். கூட்டின் வலிமையில் பெரும்பங்கு அதனுடையது. பக்கவாட்டில் மற்றொரு வண்டி மோதினால் உள்ளிருப்போரைக் காக்கும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. அப்பெட்டியின் உட்புறம் நீர் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிப்பதே துருவின் இயல்பு. ஆதலின் வெளிப்பூச்சில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால், உள்ளே தகடு பெரும்பாலும் தின்னப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

என் தமக்கையின் மகனுடன் பணிபுரிந்த ஓர் இளைஞன் பளபளப்பான சிறுகார் ஒன்றைக் கார்த்திகை மாதக் கடைசியில் வாங்கினான். விற்றவர் யாரென்பது நமக்கு வேண்டுவதில்லை. முதல் வாரத்தில் டயர் மாற்றுவதற்காக ஜாக்கியை வைத்து உயர்த்தியபோது கார் எழவில்லை. ஜாக்கியே தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே சென்றது. ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, அதன்மேல் கருநிறப் பூச்சை அடித்திருந்தனர். ஆறு மாதச் சேமிப்பு அது. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையையே எட்டியதால், ஏற்றம் பெறாத அந்தக் காரை உடைப்புக் கடைக்குத் தள்ளிவிட்டு, மீண்டும் பேருந்து நிறுத்தத்திற்கே வந்து நின்றானாம்.

இதனைக் கண்டறியும் வழிகள் எளியன. சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிச் சக்கர வளைவுகளிலும் ராக்கர் பேனலிலும் வைத்துப் பார்த்தால், தகடு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி உள்ள இடத்தில் வழுவும். ஜாக்கி வைக்கும் இடங்களைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால், நல்ல தகடு கணீரெனும். அரிக்கப்பட்டது மொத்தென ஒலிக்கும். அடிப்பகுதி முழுவதும் அண்மையில் அடித்த கரும்பூச்சு மின்னுமாயின் ஐயுறுதல் நன்று. ஆண்டுதோறும் எண்ணெய் தெளித்துக் காத்துவந்த கார் வேறு. அதன் அடிப்பகுதி அழுக்கும் பிசுக்குமாகத்தான் இருக்கும். அவ்வழுக்கே நற்சான்று. டிக்கியில் மாற்றுச்சக்கரம் கிடக்கும் குழியைத் திறந்து பார்த்தல் வேண்டும். காலடி விரிப்புகளைத் தூக்கி ஈரமும் வெள்ளைப் படிவும் உண்டா எனத் தடவிப் பார்த்தல் வேண்டும். பனி மூடிய காரையோ, இருட்டிய பின் தெருவிளக்கின் கீழ் நிறுத்திய காரையோ பார்த்து விலை பேசுதல் ஆகாது. அந்நாட்டில் மார்கழியில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

காணாத இடத்தில் இரண்டு குழாய்கள் உள்ளன. ஒன்று பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய எஃகுக் குழாய். அது காரின் அடியில் முன்னிருந்து பின்னே ஓடுகிறது. உப்பு அதனை மெல்ல மெல்ல அரிக்கிறது. சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும் குழாய், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவர முழு வலிமையோடு மிதிக்கும் அந்த ஒருமுறை வெடிக்கலாம். மற்றொன்று புகைபோக்கிக் குழாய். அது ஓட்டையானால் ஓசை மிகும் என்பது மட்டுமே நம் ஊரில் கவலை. கண்ணாடிகளை இறுக மூடி ஓட்டும் பனிநாட்டில், அவ்வோட்டை வழியே கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. இவ்விரண்டையும் தரையில் நின்று காண இயலாது. ஆதலின் விலை முடிவு செய்யுமுன், விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுசென்று, காரை மேலே தூக்கிப் பார்க்கச் செய்தல் இன்றியமையாதது. ஸ்கார்பரோவில் தமிழர் நடத்தும் பழுதுபார்க்கும் கடைகள் பலவுண்டு. நம் மொழியிலேயே குறைநிறை கேட்டறியலாம். அச்சோதனைக்கு விற்பவர் இசையவில்லையெனில் வேறு கார் தேடுவதே நன்று.

குளிரில் இயந்திரம்

குளிர்காலக் காலையில் கார் இயங்காமற் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரியே காரணம். சுழியத்திற்குக் கீழ் 18 பாகையில் பேட்டரி தன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியையே தரும். அதே வேளையில் எண்ணெய் தடித்துப்போவதால் இயந்திரத்தைச் சுழற்ற மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலை அது. இதற்கென்றே அந்நாட்டுப் பேட்டரிகளின்மேல் குளிர்த்தொடக்க ஆம்பியர் என்றோர் எண் அச்சிட்டிருக்கும். சுழியத்திற்குக் கீழ் 18 பாகையில், 12 வோல்ட் பேட்டரி 30 நொடிகள் எத்தனை ஆம்பியரைத் தாங்கித் தரும் என்பதே அதன் பொருள். கார் வேண்டும் அளவுக்குக் குறையாமல் அவ்வெண் இருக்கிறதா, பேட்டரி எத்தனை ஆண்டுப் பழையது என்பவற்றை நோக்குக. ஐந்தாண்டு கடந்ததாயின் புதிய பேட்டரியின் விலையைக் கழித்தே விலை பேசவேண்டும்.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்னும் குறியீடுகளில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாகக் குளிரில் எண்ணெய் எளிதில் ஓடும். கூலண்ட் என்னும் குளிர்நீர்மத்திலோ ஒரு விந்தையுண்டு. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தனித்து நின்றால் சுழியத்திற்குக் கீழ் 13 பாகை அளவிலேயே உறைந்துவிடும். நீர் தனித்தாலோ சுழியத்திலேயே உறையும். இரண்டையும் சரிபாதி கலந்தால் 37 பாகைவரை உறையாது. இதனை அறியாதவர், மருந்து மிகுந்தால் நன்மையும் மிகும் என்றெண்ணிக் கலவையைக் கெடுத்துவிடுவர். இந்நீர்மத்தைச் சோதிக்கும் சிறு கருவி எந்த மெக்கானிக்கிடமும் உண்டு.

வின்னிபெக், சஸ்கட்டூன் போன்ற ஊர்களில் காரின் முகப்பில் ஒரு மின்கம்பியின் நுனி தொங்குவதைக் காணும் நம்மவர், இது மின்சாரக் கார் போலும் என மயங்குவர். அஃது இயந்திரத்தை இரவில் வெதுவெதுப்பாக வைக்கும் ஹீட்டரின் கம்பியாகும். வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சார்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பார் 1940களில் இத்தகைய ஹீட்டரை உருவாக்கினார். அப்பகுதிகளில் அலுவலகக் கார் நிறுத்தங்களிலும் இதற்கென மின்செருகிகள் உள்ளன. அங்குப் பழைய கார் வாங்குவோர் இக்கம்பி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்தே வாங்குவர். டொராண்டோவில் இதன் தேவை அத்துணை இல்லை.

காரை ஓட்டிப் பார்க்கச் செல்கையில் கைக்கொள்ளவேண்டிய முறை ஒன்றுண்டு. 'நான் வரும்வரை இயக்க வேண்டா' என்று முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். சென்றவுடன் பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்க்க. சூடாக இருந்தால், குளிரில் தொடங்கும்போது வெளிப்படும் குறையை விற்பவர் மறைக்க முயன்றார் என்று ஐயுறலாம். சாவியைத் திருப்பியவுடன் முன்பலகையில் எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒருமுறை எரிந்து அணைதல் வேண்டும். இயந்திர விளக்கு எரியவே இல்லையென்றாலும் ஐயமே. 1998 முதல் கனடாவில் விற்ற கார்கள் தம் குறைகளைத் தாமே குறித்துவைத்துக் கொள்ளும். மலிவான கருவி ஒன்றைச் செருகி அக்குறிப்புகளைப் படிக்கலாம். அவற்றை முந்தின நாள் அழித்துவிட்டு விற்க வருவாரும் உளர். அங்ஙனம் அழித்திருப்பின், தற்சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அக்கருவியே காட்டிக்கொடுக்கும்.

பின்னர்ப் பதினைந்து நிமிடம் ஓட்டுக. வெப்பமுள் நடுவுக்கு வரவேண்டும்; ஹீட்டரிலிருந்து சூடான காற்று வீசவேண்டும். முள் எழாவிடில் தெர்மோஸ்டாட் பழுதாகலாம். அது சிறு செலவு. முள் எழுந்தும் காற்று குளிர்ந்தே வந்தால், முன்பலகைக்குள் புதைந்துள்ள ஹீட்டர்ப் பகுதி அடைபட்டிருக்கலாம். அதை மாற்ற முன்பலகையையே கழற்றவேண்டும். உள்ளே இனிப்பான மணமும் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் இருப்பின் கூலண்ட் உள்ளே கசிகிறது என்பது பொருள். ஏசியின் குளிர்ச்சியைப் பற்றி நம் ஊரில் கேட்பது போல் ஹீட்டரைப் பற்றி அங்குக் கேட்கவேண்டும். முன்கண்ணாடியின் உறைபனியை அதுவே உருக்குகிறது. அஃதின்றிச் சாலை கண்ணுக்குத் தெரியாது.

டயர்

பனிநாட்டுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் கார்தான் வேண்டும் என்று பலர் அறிவுரை கூறுவர். எனக்கு அது மிகையாகவே படுகிறது. நான்கு சக்கர இழுவை காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர். முன்சக்கர இழுவையுடைய சிறுகாரில் இயந்திரத்தின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே அமர்வதால், வெண்பனியிலும் அது ஓரளவு நன்றாகவே கிளம்பும். சுபாரு இம்ப்ரெசா போன்ற நான்கு சக்கர இழுவைக் காரைப் பழையதாக வாங்குவோர், நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்துள்ளனவா என்றும் பார்க்கவேண்டும்; வேறுபாடு மிகுந்தால் இழுவைப் பொறிக்குக் கேடு.

சாதாரண டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அக்குளிரிலும் மென்மை குன்றாது. மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரையே அதன் அடையாளம். கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அச்சட்டம் நடக்கிறது. ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆயின் குளிர்கால டயர் பூட்டியோர்க்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என 2016 முதல் விதியுண்டு. இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னே பூட்டுவது சிக்கனமன்று. வளைவில் காரின் பின்பகுதி வீசிச் சுழலும். சிறுகாரின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. 15, 16 அங்குலச் சக்கரத்திற்கான டயர்கள் விலை குறைந்தவை; ஒடுங்கிய டயர் சேற்றுப்பனியைக் கிழித்துச் சென்று சாலையைப் பற்றும்.

'குளிர்கால டயரும் சேர்த்துத் தருகிறேன்' என்று விற்பவர் சொன்னால், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்தல் வேண்டும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் வெண்பனியில் அதன் பயன் மிகக் குறைவு.

எந்தக் கார்?

கொரோலா, சிவிக் என்னும் இரு பெயர்களை அந்நாட்டுத் தமிழர் நம் ஊர்ப் பெயர்களைப்போல் சொல்வர். கொரோலா 1988 முதல் 2019 வரை ஒண்டாரியோவின் காம்பிரிட்ஜ் நகரிலேயே உருவாயிற்று. சிவிக் 1998 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடாவில் மிகுதியாக விற்ற பயணியர் காராக விளங்கியது. எண்ணிக்கை மிகுந்திருப்பதால் உதிரிப்பாகம் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. எனினும் பெயர் பார்த்து மயங்குதல் கூடாது. 2004 முதல் 2009 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா 3, ஓட்டுவதற்கு இனியது எனப் புகழ் பெற்றது போலவே துருவுக்கும் பெயர் பெற்றது. 2016க்குப் பின் வந்த சில சிவிக்குகளில் உள்ள 1.5 லிட்டர் டர்போ இயந்திரத்தில், குளிர்நாட்டில் குறுந்தொலைவே ஓட்டுவோர்க்குப் பெட்ரோல் எண்ணெயோடு கலக்கும் குறை எழுந்து, அந்நிறுவனமே உத்தரவாதக் காலத்தை நீட்டியது. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் பணியிடம் உள்ளவர்க்கு டர்போ இல்லாத எளிய இயந்திரமே ஏற்றது. நன்கு சூடேறாமலே நாள்தோறும் அணைக்கப்படும் இயந்திரத்தில் நீர்மம் தேங்கும், பேட்டரியும் நிறையாது.

வழுக்கும் சாலையில் கார் சுழலாமல் காக்கும் மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பு, கனடாவில் 2011 செப்டம்பர் முதல் செய்த கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே 2012ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியனவும் முன்னுரிமை பெறத் தக்கன. மின்சாரக் கார் குளிருக்கு ஆகாது என்னும் கருத்தை நார்வே பொய்யாக்கியுள்ளது. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களுள் பத்தில் ஒன்பதுக்குச் சற்றே குறைவானவை மின்சாரக் கார்களே. எனினும் கடுங்குளிரில் ஓடும் தொலைவு கால்பங்கும் அதற்கு மேலும் குறையும். பழைய மின்கலமாயின் அக்குறைவு மேலும் உறைக்கும். வீட்டிலேயே மின்னேற்ற வசதி இல்லாத வாடகைக் குடித்தனக்காரர்க்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாள்களும் பணமும்

ஒண்டாரியோவில் தனியாரிடம் கார் வாங்கும்போது, பழைய வாகனத் தகவல் தொகுப்பு என்னும் அரசு ஆவணத்தை விற்பவர் தரவேண்டும். முன்பு யார் யார் பெயரில் இருந்தது, அதன்மேல் கடன் பிணை உண்டா என்பன அதில் தெரியும். கடன் பிணை முக்கியமானது. விற்றவர் செலுத்தாத கடனுக்காக, வாங்கியவரின் வாசலிலிருந்து காரை எடுத்துச் செல்லக் கடன் கொடுத்தவர்க்கு உரிமையுண்டு. விலையோடு 13 விழுக்காடு வரியும் சேரும். குறைந்த விலையை எழுதிக்கொண்டு வரியைக் குறைக்கலாம் என்னும் உத்தி அங்குச் செல்லாது. எழுதிய விலை, அரசு கொள்ளும் மொத்தவிலை மதிப்பு, இவற்றுள் எது மிகுதியோ அதற்கே வரி.

பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றும் உண்டு. அது 36 நாள் செல்லும். பலர் அதனை உத்தரவாதப் பத்திரம் என எண்ணுகின்றனர். சோதித்த நாளில் குறைந்தபட்ச அளவுக்குக் குறையவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. உரிமம் பெறாமலே கார் வணிகம் செய்து, தம் சொந்தக் காரை விற்பதுபோல் நடிப்போரும் அங்குண்டு. பதிவுத்தாளில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்தாலே அவர்களுள் பலர் பிடிபடுவர். 'அண்ணன், தம்பி' என்று தமிழில் உறவு கொண்டாடி விற்பவரிடமும் இதனைத் தயங்காது கேட்டல் வேண்டும்.

காப்பீட்டுக் கட்டணத்தைக் காரின் விலைக்கு முன்னரே கேட்டறிக. அந்நாட்டில் ஓட்டிய பழக்கச் சான்று இல்லாத புதியவர்க்கு, ஓராண்டுக் கட்டணம் பழைய காரின் விலையையே மிஞ்சுவதுண்டு. குடியிருக்கும் பகுதியின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தும், காரின் மாடலைப் பொறுத்தும் அது மாறும். கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டால் டயருக்கும் பேட்டரிக்கும் ஒன்றும் மிஞ்சாது. முதல் பனி விழும் நாளில் அவை இரண்டும் உடனே வேண்டும்.

வாங்கிய காரின் டிக்கியில் ஒரு சிறு மண்வாரி, பேட்டரிக்கு உயிரூட்டும் கம்பிகள், ஒரு கம்பளி, கண்ணாடி சுரண்டும் தூரிகை ஆகியவற்றை வைத்திருப்பது அந்நாட்டு வழக்கம். சாலையைத் துப்புரவு செய்யும் வண்டி வெண்பனியைத் தள்ளி வீட்டுவாசலில் வரப்பாகக் குவித்துவிட்டுப் போகும். அடித்தளம் தாழ்ந்த சிறுகார் அவ்வரப்பில் ஏறிச் சிக்கிக்கொள்ளும். ஆதலின் மண்வாரி முதலில் வேண்டும். இரவெல்லாம் பனி பொழிந்த காலையில் கூரைமேல் கிடப்பதைத் தள்ளி, பின்புறம் சென்று, புகைபோக்கியின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே இயந்திரத்தை இயக்குகின்றனர்.